தகவல் திரட்டும் ஊர்திக்கு வழி வகுத்தல்

திட்டமிடுதலின் முதற்படி தகவல் சேகரிப்பதாகும். எந்த வட்டாரத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியுள்ளது, எந்த வயலில் மண்ணின் ஈரம் எத்தனை நாட்களுக்குத் தாங்கும், எந்தப் பாலத்தின் அதிர்வு வழக்கமான அளவை மீறுகிறது என்பன போன்ற விவரங்கள் உரிய காலத்தில் கிடைத்தால்தான் உரிய நடவடிக்கை எடுக்க இயலும். காலங்கடந்து வரும் விவரம் வரலாற்றுக்குப் பயன்படலாம். பயிரையோ பாலத்தையோ காக்கப் பயன்படாது.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோக்குக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளந்து வருகிறது. ஜனவரியிலும், கோடைக்காலத்திலும், ஆகஸ்டிலும், நவம்பரிலும் பணியாளர் நேரில் சென்று அளக்கின்றனர். இரு அளவீடுகளுக்கு இடைப்பட்ட வாரங்களில் கிணற்றில் என்ன நிகழ்ந்தது என்பது இம்முறையில் தெரிய வழியில்லை. இக்குறையைப் போக்கவே தானாக இயங்கும் பதிவுக் கருவிகள் வந்தன. 2016-இல் தொடங்கிய தேசிய நீரியல் திட்டமும், 2019-இல் ஏழு மாநிலங்களில் தொடங்கிய அடல் நிலத்தடி நீர்த் திட்டமும் இத்தகைய கருவிகளுக்கு இடமளித்தன. ஆயினும், கருவி அளந்தால் மட்டும் போதாது. அளந்த விவரம் கிணற்றடியிலிருந்து அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். அதைக் கொண்டுவரும் ஊர்தி எந்த வழியில், எத்தனை நாட்களுக்கு ஒரு முறை, என்ன வேகத்தில் செல்ல வேண்டும் என்பது எளிய கேள்வி போலத் தோன்றினும், கணித வல்லுநர்களைப் பல்லாண்டுகளாகச் சிந்திக்க வைத்துள்ள கேள்வியாகும்.

கணுக்களும் அவற்றின் ஆயுளும்

கம்பியில்லா உணர்கருவி வலையமைப்பு என்பது ஒரு நிலப்பரப்பில் ஆங்காங்கே நிறுவப்பட்ட சிறு கருவிகளின் தொகுப்பாகும். ஒவ்வொரு கருவியும் ‘கணு’ எனப்படும். ஈரத்தையோ வெப்பத்தையோ அதிர்வையோ அறியும் உணர்கருவி, சிறு கணிப்பான், விவரத்தைச் சேர்த்து வைக்கும் நினைவகம், குறுகிய தூரத்துக்குப் பேசும் ரேடியோ, இவற்றை இயக்கும் பாட்டரி ஆகிய ஐந்தும் ஒரு கணுவில் அடங்கும்.

நம் நாட்டில் இத்துறையில் முன்னோடியாக அமைந்த முயற்சிகளுள் ஒன்று கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டம், பாவகடா வட்டத்தைச் சேர்ந்த சென்னகேசவபுரம் என்னும் சிற்றூரில் நடைபெற்றது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து, மழையை மட்டுமே நம்பிப் பயிரிடும் சிறு விவசாயிகளுக்கு உதவும் பொருட்டு, மண்ணின் ஈரத்தை அளக்கும் கணுக்களை அங்கே நிறுவின. இம்முயற்சி பற்றிய ஆய்வுக் கட்டுரை 2007-இல் வெளியாயிற்று. மின்சாரம் நிலையாகக் கிடைக்காத இடங்களில் பாட்டரியின் ஆயுளே வலையின் ஆயுள் என்பது இத்தகைய பணிகள் அனைத்துக்கும் பொதுவான உண்மையாகும்.

பாட்டரியின் ஆற்றலில் பெரும்பகுதியை விழுங்குவது ரேடியோவே. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் கையாண்ட எளிய கணக்கு ஒன்று இதைத் தெளிவாக்கும். அதன்படி, ஒரு பிட் விவரத்தை அனுப்பவோ பெறவோ மின்னணுச் சுற்றுக்கு 50 நானோஜூல் தேவை. அனுப்பும்போது இதனுடன் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுதல் ஆற்றலும் செலவாகும். 20 மீட்டர் தூரத்துக்கு அனுப்பினால் இக்கூடுதல் 40 நானோஜூல், ஆக 90. அதையே 100 மீட்டர் தூரத்துக்கு அனுப்பினால் கூடுதல் 1,000 நானோஜூல், ஆக 1,050. தூரம் ஐந்து மடங்காகும்போது செலவு ஏறக்குறைய பன்னிரண்டு மடங்காகிறது.

கைமாற்று முறையின் குறை

நெடுந்தூரம் நேரே அனுப்புவது செலவு மிக்கது என்பதால், ஒரு கணு அடுத்த கணுவிடமும் அது அதற்கடுத்ததிடமுமாக விவரத்தைக் கைமாற்றித் தலைமை நிலையத்தில் சேர்க்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. தீயணைக்க வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுவதை ஒத்தது இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாளி வரிசையில் அனைவருக்கும் வேலை சமம். இங்கோ நிலையத்துக்கு அருகில் உள்ள கணு, தன் விவரத்தோடு பின்னால் உள்ள எல்லாக் கணுக்களின் விவரத்தையும் சுமக்க வேண்டியுள்ளது.

பத்துக் கணுக்கள் 20 மீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையில் இருப்பதாகக் கொள்வோம். கடைசிக் கணு தன் விவரத்தை மட்டும் அனுப்புகிறது. அதன் செலவு பிட்டுக்கு 90 நானோஜூல். முதற்கணுவோ ஒன்பது கணுக்களின் விவரத்தைப் பெற்று, தன்னுடையதையும் சேர்த்துப் பத்து மடங்கு விவரத்தை அனுப்புகிறது. பெறுவதற்கு 450, அனுப்புவதற்கு 900, ஆக 1,350 நானோஜூல். கடைசிக் கணுவைப் போல் பதினைந்து மடங்கு செலவு முதற்கணுவுக்கு நேர்கிறது. அது அத்தனை விரைவில் ஓய்ந்துவிடும். அது ஓய்ந்ததும், பாட்டரி நிறைய மீந்திருக்கும் ஏனைய ஒன்பது கணுக்களும் ஊமையாகி விடுகின்றன.

விவரத்தைத் தேடிச் செல்லுதல்

இக்குறைக்குத் தீர்வாக எழுந்ததே நடமாடும் திரட்டி என்னும் கருத்து. விவரம் நிலையத்தைத் தேடி வருவதற்குப் பதிலாக, திரட்டியானது கணுக்களைத் தேடிச் செல்கிறது. ஒவ்வொரு கணுவும் தன் விவரத்தை நினைவகத்தில் சேர்த்து வைத்துக் காத்திருக்கும். திரட்டி அருகில் வந்ததும் குறுகிய தூரத்தில் ஒப்படைத்துவிட்டு மீண்டும் உறக்கத்தில் ஆழும். மேற்சொன்ன வரிசையில் ஒவ்வொரு கணுவுக்கும் அப்போது 90 நானோஜூல்தான் செலவு. எல்லாக் கணுக்களும் ஒரே சீராக உழைத்து ஒரே சீராக ஓய்கின்றன.

2003-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இத்திரட்டிக்குப் பொதி சுமக்கும் கோவேறு கழுதையின் பெயரையே சூட்டினர். பெயர் பொருத்தமானதே. திரட்டியாக அமைவது ஜீப்பாக இருக்கலாம். மிதிவண்டியில் செல்லும் பணியாளராக இருக்கலாம். படகு, ரயில், பேருந்து, ட்ரோன் ஆகிய எதுவாகவும் இருக்கலாம். கணுவின் பாட்டரியை மாற்றுவது கடினம்; ஊர்திக்கு எரிபொருள் நிரப்புவது எளிது. ஆற்றல் செலவைக் கணுவிலிருந்து ஊர்திக்கு மாற்றுவதே இம்முறையின் சாரம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அது காலம். ரேடியோ அலை நொடிப் பொழுதில் கடக்கும் தூரத்தை ஊர்தி மணிக்கணக்கில் கடக்கிறது. எனவே வழியைத் திறம்பட வகுப்பது இம்முறையின் உயிர்நாடியாகிறது.

எத்தனை வழிகள்?

பல இடங்களுக்குச் சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்ப மிகக் குறைந்த தூரமுள்ள வழி எது என்னும் கேள்வி, ‘பயண விற்பனையாளர் புதிர்’ என்ற பெயரால் அறியப்படுகிறது. பத்து இடங்களுக்கு 1,81,440 சுற்று வழிகள் உள்ளன. பதினைந்து இடங்களுக்கு அவை 4,358 கோடிக்கும் மேலாகி விடுகின்றன. ஐந்து இடங்கள் கூடியதும் வழிகள் இரண்டு லட்சம் மடங்குக்கு மேல் பெருகுவதைக் காணலாம். எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு மாவட்டத்தின் கிணறுகளுக்குக் கூட இயலாத செயல்.

1954-இல் டான்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் ஆகிய மூவர் அமெரிக்காவின் 49 நகரங்களுக்கு மிகக் குறுகிய வழியைக் கண்டு நிறுவினர். இப்புதிர் எவ்வகைக் கடினத்தைச் சேர்ந்தது என்பதை 1972-இல் ரிச்சர்ட் கார்ப் வெளியிட்ட ஆய்வு தெளிவுபடுத்தியது. எல்லா நேர்வுகளுக்கும் விரைவாக விடை தரும் பொதுமுறை இதுவரை கண்டறியப்படவில்லை. எனினும், நடைமுறைக்குப் போதுமான நல்ல வழியைக் காண முறைகள் பல உள்ளன.

சணல் வயல்களில் பிறந்த சூத்திரம்

இப்புதிரின் வரலாற்றில் இந்தியாவுக்குச் சிறப்பான இடம் உண்டு. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பியாகக் கருதப்படும் பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வங்காளத்தில் சணல் பயிரிடப்படும் பரப்பை மாதிரி ஆய்வு முறையில் மதிப்பிடும் பணியை மேற்கொண்டார். மாதிரியாகத் தெரிந்தெடுத்த வயல்களுக்குக் களப் பணியாளர் நடந்து செல்ல வேண்டியிருந்தது. எத்தனை வயல்களைத் தெரிந்தெடுத்தால் எவ்வளவு நடைச் செலவு ஏற்படும் என்பதை அறியாமல் ஆய்வுக்கு நிதி ஒதுக்க இயலாது. 1940-இல் வெளியிட்ட கட்டுரையில், இடங்களுக்கிடையே பயணம் செய்யும் தூரம் அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பெரிதும் ஒட்டி வளர்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார்.

1959-இல் பியர்ட்வுட், ஹால்டன், ஹாமர்ஸ்லி ஆகியோர் இதற்குக் கணித நிறுவல் அளித்தனர். அதன்படி, ஒரு பரப்பில் பரவலாகச் சிதறியுள்ள மிகப் பல இடங்களைச் சுற்றிவரும் குறுகிய வழியின் நீளம், இடங்களின் எண்ணிக்கையையும் பரப்பளவையும் பெருக்கி வரும் தொகையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அந்த விகிதம் ஏறத்தாழ 0.71 என்று பின்னர் கணிக்கப்பட்டது. 100 சதுர கிலோமீட்டரில் 100 கணுக்கள் இருப்பின் சுற்றின் நீளம் சுமார் 71 கிலோமீட்டர். ஓரங்களில் உள்ள கணுக்களால் இது சற்றுக் கூடும். கணுக்களை 400 ஆக உயர்த்தினால் நீளம் நான்கு மடங்காவதில்லை. இரு மடங்காகச் சுமார் 142 கிலோமீட்டர்தான் ஆகும். அதாவது ஒரு கணுவுக்கான பயணச் செலவு பாதியாகக் குறைகிறது.

திட்ட அதிகாரிகளுக்கு இது மதிப்புமிக்க செய்தி. ஒரு வட்டாரத்துக்கு ஊர்தி செல்லப் போவது உறுதியானால், அங்கே கணுக்களை அடர்த்தியாக நிறுவுவதே சிக்கனம். நாற்பது வட்டாரங்களில் ஐந்தைந்து கணுக்களாகத் தெளிப்பது பார்வைக்குப் பரவலாகத் தோன்றும். ஆனால் பயணச் செலவு அத்திட்டத்தை விரைவில் நிறுத்திவிடும்.

நடைமுறை முறைகள்

எளிய முறை, இருக்கும் இடத்திலிருந்து மிக அருகில் உள்ள கணுவுக்குச் செல்வது. பின் அதற்கு மிக அருகில் உள்ளதற்குச் செல்வது. இதைக் கையால் கூட வகுக்கலாம். ஆனால் தொடக்கத்தில் நன்றாக அமையும் இவ்வழி, ஒதுக்குப்புறமான கணுக்களைக் கடைசிக்குத் தள்ளிவிடும். இறுதியில் அவற்றைத் தேடி நெடுந்தூரம் அலைய நேரும்.

இவ்வழியைத் திருத்த ஓர் எளிய விதி உண்டு. வரைபடத்தில் வழியின் இரு பகுதிகள் ஒன்றையொன்று வெட்டிக் கொண்டால் அந்த வெட்டை அவிழ்த்துவிட வேண்டும். ஒரு நாற்கரத்தின் இரு மூலைவிட்டங்களின் கூட்டுத்தொகை, எதிரெதிரான இரு பக்கங்களின் கூட்டுத்தொகையைவிட எப்போதும் அதிகம் என்பது பள்ளிப் பாடம். ஆகவே வெட்டை அவிழ்க்கும் ஒவ்வொரு முறையும் தூரம் குறைந்தே தீரும். வெட்டே இல்லாத நிலை வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல வழி கிடைக்கும். 1976-இல் கிறிஸ்டோஃபைட்ஸ் வகுத்த முறையோ, கிடைக்கும் வழி மிகக் குறுகிய வழியைப் போல் ஒன்றரை மடங்கை ஒருபோதும் மீறாது என்று உறுதியளிக்கிறது.

உணர்கருவி வலைக்கென ஒரு சலுகையும் உண்டு. தபால்காரர் வீட்டு வாசல் வரை செல்ல வேண்டும். திரட்டி கணுவின் அருகே செல்லத் தேவையில்லை. ரேடியோ எட்டும் வட்டத்தின் விளிம்பைத் தொட்டுச் சென்றாலே போதும். மேலும், அருகருகே உள்ள ஐந்தாறு கணுக்கள் தம் விவரத்தைச் சாலையோரக் கணு ஒன்றிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிட்டால், திரட்டி அந்தச் ‘சந்திப்புக் கணு’வை மட்டும் கண்டால் போதும். கைமாற்று முறையும் திரட்டி முறையும் இங்கே ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. சந்திப்புக் கணுவுக்குப் பளு அதிகமாகையால் அதற்குச் சிறு சூரிய ஒளித் தகடு பொருத்துவது நன்று.

நினைவகம் நிரம்பும் முன்

குறுகிய வழி எப்போதும் தக்க வழியாகிவிடாது. ஒரு கணக்கு இதை விளக்கும். ஒரு கணு பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, ஒவ்வொரு முறையும் 20 பைட் பதிவு செய்வதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 144 அளவீடுகள், 2,880 பைட். இதற்கென ஒதுக்கிய நினைவகம் 32,768 பைட் எனில், பதினோரு நாட்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். அதற்குள் திரட்டி வராவிட்டால் பழைய பதிவுகள் அழியும். அழிந்த பதிவை மீண்டும் அளக்க முடியாது; கடந்த வாரத்து ஈரம் கடந்த வாரத்தோடு போயிற்று.

பதினோரு நாள் விவரம் 31,680 பைட். அதாவது ஏறக்குறைய 2,53,000 பிட். நொடிக்கு 20,000 பிட் வீதம் மாற்றினால் சுமார் 12.7 நொடி ஆகும். ரேடியோ 50 மீட்டர் வரை எட்டும் என்றும், ஊர்தி மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்றும் கொள்வோம். கணுவை ஒட்டியே சாலை சென்றால் ஊர்தி 100 மீட்டர் தூரம் தொடர்பில் இருக்கும்; 20 நொடி கிடைக்கும். சாலை 40 மீட்டர் தள்ளிச் சென்றால் தொடர்புத் தூரம் 60 மீட்டராகக் குறையும். 12 நொடிதான் கிடைக்கும். விவரத்தின் கடைசிப் பகுதி கணுவிலேயே தங்கிவிடும்.

இதற்கு மூன்று பரிகாரங்கள் உள்ளன. ஓட்டுநர் அந்த இடத்தில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்துக்கு இறங்கினால் 15 நொடி கிடைக்கும். அல்லது சாலையோரத்துக்குக் கணுவின் அலைவாங்கியை நகர்த்தலாம். அல்லது வாரம் ஒரு முறை வரலாம். ஏழு நாள் விவரத்துக்கு 8 நொடியே போதும். மூன்றாவது வழியில் இன்னொரு நன்மையும் உண்டு. வாரச் சுற்று என வகுத்துக் கொண்டால், ஊர்தி பழுதானாலோ மழையில் தரைப்பாலம் மூழ்கினாலோ நான்கு நாள் அவகாசம் மிஞ்சும். பருவமழைக் காலத்தைக் கருதாத வழித்திட்டம் நம் நாட்டுக்கு உதவாது.

ஒதுக்குப்புறக் கணுவின் உரிமை

எல்லாக் கணுக்களும் ஒரே வேகத்தில் நிரம்புவதில்லை. அதிர்வை அளக்கும் கணு சில மணி நேரத்தில் நிரம்பலாம். ஈரத்தை அளப்பது வாரக்கணக்கில் தாங்கலாம். எந்தக் கணு முதலில் நிரம்புமோ அதற்கு முதலில் செல்வது நியாயமாகத் தோன்றும். ஆனால் அவ்விதி ஊர்தியைக் கிழக்குக் கோடிக்கும் மேற்குக் கோடிக்குமாக மாறி மாறி ஓட வைக்கக்கூடும். காலக்கெடு, தூரம் ஆகிய இரண்டையும் ஒருங்கே எடைபோட வேண்டும் என்பதை 2004-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோமசுந்தரா, ராமமூர்த்தி, ஸ்ரீவாஸ்தவா ஆகியோரின் ஆய்வு விளக்கியது.

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வாரச் சுற்று 40 கிலோமீட்டரில் 19 கணுக்களைக் காண்கிறது என்றும், இருபதாவது கணு 9 கிலோமீட்டர் தள்ளி, சாலை முடிவடையும் ஒரு குக்கிராமத்தில் இருக்கிறது என்றும் கொள்வோம். அந்த ஒரு கணுவுக்காக 18 கிலோமீட்டர் கூடுதலாகச் செல்ல வேண்டும். ஆண்டுக்கு 936 கிலோமீட்டர். சிக்கனத்தை மட்டும் நோக்கும் கணிப்பொறி அக்கணுவைத் தயக்கமின்றி நீக்கிவிடும். திரட்டிய விவரத்தின் மொத்த அளவைப் பெருக்குவதே குறிக்கோளானால், அறிக்கையில் வெற்றி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று பதிவாகும். விடுபட்ட ஐந்து பங்கு யாருடையது என்பது அறிக்கையில் தெரியாது. கிணறு வற்றுவது பெரும்பாலும் அத்தகைய கோடியூர்களில்தான் தாமதமாகத் தெரிய வருகிறது.

இதற்கும் தீர்வு உண்டு. அக்கணுவின் நினைவகத்தை மட்டும் இரு மடங்காக்கி, இரு வாரங்களுக்கு ஒரு முறை சென்றால் போதும். பதினான்கு நாள் விவரம் 40,320 பைட். இரட்டை நினைவகத்தில் தாராளமாக அடங்கும். கூடுதல் பயணம் ஆண்டுக்கு 468 கிலோமீட்டராகப் பாதியாகிறது. நினைவகச் சில்லின் விலை சேமிக்கும் எரிபொருளின் விலையோடு ஒப்பிடத் தக்கதன்று. எனவே, ‘எந்தக் கணுவும் இத்தனை நாட்களுக்கு மேல் காத்திருக்கலாகாது’ என்பதை முதல் விதியாக வைத்து, அவ்விதிக்கு உட்பட்டே தூரத்தைக் குறைக்க வேண்டும்.

ஏற்கெனவே ஓடும் ஊர்திகள்

திரட்டிக்கெனத் தனி ஊர்தி வாங்குவது எப்போதும் தேவையில்லை. கர்நாடகத்தின் தொட்டபள்ளாபூர் வட்டத்தில் ‘டாக்நெட்’ என்னும் முயற்சி இதைச் செய்து காட்டியது. இதைப் பற்றிய விவரம் 2004-இல் வெளியாயிற்று. அரசுப் பேருந்தில் ரேடியோக் கருவி ஒன்று பொருத்தப்பட்டது. நிலப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றிய ‘பூமி’ திட்டத்தின் கீழ், கிராம நிலையங்களில் எழுதப்பட்ட விண்ணப்பங்களைப் பேருந்து போகிற போக்கில் வாங்கிக் கொண்டு வட்டத் தலைநகரில் சேர்த்தது. பதில்களைத் திரும்பும்போது கொடுத்தது. ஒவ்வொரு சந்திப்பும் சராசரியாக இரண்டரை நிமிடம் நீடித்தது; அதற்குள் சுமார் 20 மெகாபைட் விவரம் கைமாறியது.

ரயில் பாலங்களுக்கு இதே கருத்தைக் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் ‘பிரைமான்’ என்னும் பெயரில் 2008-இல் முன்வைத்தனர். நம் ரயில் பாதைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ளன. அவற்றுள் பல நூற்றாண்டு கண்டவை. பாலத்தில் உள்ள கணுக்கள் உறங்கிக் கொண்டிருக்கும். ரயில் நெருங்குவதை ரேடியோ அலையால் முன்கூட்டி அறிந்து விழித்தெழும், அதிர்வை அளக்கும், அளந்ததைப் பாலத்தைக் கடந்து செல்லும் ரயிலிடமே ஒப்படைக்கும். ரயில் நிற்காமல் விரைவதால் நேரம் மிகக் குறைவு. ஆகவே பாலத்தின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனி வலையாக, வெவ்வேறு அலைவரிசையில் பேசும்படி அமைக்கப்பட்டது.

இவ்வகையில் வழியை வகுக்கும் உரிமை திட்டமிடுவோரிடம் இல்லை. பேருந்தின் வழியும் ரயிலின் நேரமும் முன்பே முடிவானவை. மாறாக, சந்திப்புக் கணுக்களை எங்கே வைப்பது என்பதே இங்கு வகுக்க வேண்டியதாகிறது. கூட்டுறவுச் சங்கத்தின் பால் வண்டி, கிராமத் தபால்காரரின் மிதிவண்டி, அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் நகரப் பேருந்து ஆகியன நாள்தோறும் தவறாமல் ஊர்களைத் தொட்டு வருகின்றன. அவற்றின் வழிகளை வரைபடத்தில் வரைந்து பார்த்த பின்னரே புதிய ஊர்தியைப் பற்றிச் சிந்திப்பது முறை.

ட்ரோனும் அதன் எல்லையும்

2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் அனுமதி முறைகளை எளிமையாக்கின. பச்சை மண்டலம் எனக் குறிக்கப்பட்ட இடங்களில் 120 மீட்டர் உயரம் வரை தனி அனுமதியின்றிப் பறக்க இயலும். 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உரமும் மருந்தும் தெளிப்பதே அதன் நோக்கம். தெளிக்கச் செல்லும் ட்ரோனே வயல் கணுக்களின் விவரத்தையும் திரட்டி வரலாம் என்பது ஆராயத்தக்க யோசனை.

ட்ரோனுக்குச் சாலை வேண்டியதில்லை, நேர்கோட்டில் செல்லும். ஆனால் அதன் பாட்டரி சிறிது. இருபது நிமிடம் பறக்கும் ட்ரோன் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 12 கிலோமீட்டர் செல்லலாம். பதினைந்து கணுக்களின் மேல் பத்துப் பத்து நொடி நின்றால் சுற்று பத்தரைக் கிலோமீட்டராகக் குறையும். எதிர்காற்றுக்கும் திரும்பி வருவதற்கும் இருப்பு வைத்தால் இன்னும் குறையும். ஆகவே தூரத்தோடு நிற்கும் நேரத்தையும் சேர்த்தே ட்ரோனின் வழியை வகுக்க வேண்டும்.

பொருந்தாத இடங்கள்

எல்லாப் பணிக்கும் இம்முறை பொருந்தும் எனக் கருதுவது தவறு. கேரளத்தின் மூணாறில் அந்தோணியார் காலனி மலைச்சரிவில் அமிர்தா பல்கலைக்கழகத்தினர் நிலச்சரிவை அறியும் உணர்கருவி வலையை நிறுவினர். மண்ணின் நீர் அழுத்தம் ஏறுவது உடனே தெரிந்தால்தான் மக்களை வெளியேற்ற முடியும். ஆகவே அங்கு விவரம் செயற்கைக்கோள் வழியே அனுப்பப்பட்டது. வெள்ளம், நிலச்சரிவு, நச்சு வாயு ஆகியவற்றின் எச்சரிக்கை ஊர்திக்காகக் காத்திருக்கலாகாது. கைத்தொலைபேசிக் கோபுரத்தின் வீச்சு எட்டும் இடங்களிலும், குறைந்த மின்சாரத்தில் சில கிலோமீட்டர் எட்டும் நெடுந்தூர ரேடியோ கட்டுப்படியாகும் இடங்களிலும் நடமாடும் திரட்டிக்குத் தேவை குறைவு. கோபுர வீச்சு எட்டாத காடு, மலைமடிப்பு, ஆற்றுத் தீவு ஆகிய இடங்களிலும், விவரத்தின் அளவு பெரிதாக உள்ள பாலம் போன்ற இடங்களிலுமே இது தன் பயனை முழுமையாகத் தரும்.

செய்ய வேண்டியவை

உணர்கருவிகளுக்கு நிதி ஒதுக்கும் திட்டங்கள் பல, விவரம் திரட்டும் செலவைத் தனித் தலைப்பில் காட்டுவதில்லை. கருவி வாங்குவது ஒருமுறைச் செலவு. திரட்டுவது ஆண்டுதோறும் தொடரும் செலவு. இரண்டையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். கருவி நிறுவும் முன்பே சாலை, பேருந்து வழி, மழைக்காலத் துண்டிப்பு ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒவ்வொரு கணுவுக்கும் அது காத்திருக்கக்கூடிய நாட்களின் உச்ச வரம்பை விதித்து, வரம்பு மீறிய கணுக்களின் பட்டியலை மாதந்தோறும் வெளியிட வேண்டும். ஊர்தி தொலைந்தாலும் விவரம் பிறர் கைக்குப் போகாதபடி குறியீட்டு மொழியில் காக்க வேண்டும். திரட்டிய விவரம் தலைமை அலுவலகத்தில் சேர்வதோடு நின்றுவிடாமல், அடுத்த சுற்றில் அதே ஊர்தியில் அந்தந்த ஊருக்கே பயனுள்ள குறிப்பாகத் திரும்ப வேண்டும். கிணற்றின் நீர்மட்டம் முதலில் தெரிய வேண்டியது அக்கிணற்றை நம்பியிருப்பவருக்கே.

வங்காளத்துச் சணல் வயல்களில் களப்பணியாளரின் நடையை அளந்தபோது மகலனோபிஸ் முன்னிருந்த கேள்வி, குறைந்த செலவில் நம்பத்தக்க தகவலைப் பெறுவது எவ்வாறு என்பதாகும். கருவிகள் மாறியுள்ளன, கேள்வி மாறவில்லை. தூரத்தைக் குறைக்கும் கணிதத்தோடு, கோடியூரையும் கணக்கில் சேர்க்கும் விதி இணையும்போதுதான் வழித்திட்டம் வளர்ச்சித் திட்டத்தின் பகுதியாகும்.